ஏரிக்கரை உதாரணம்

அம்புஜவல்லி மைசூரில் பேச வருகிறாள் என்று கல்லூரிச் சுற்றறிக்கையில் படித்ததுமே சொர்ணலதாவுக்கு வயிறு எரிந்தது.

இருவரும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கங்கோத்ரி வளாகத்தில் ஒன்றாக எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்கள். அம்புஜவல்லி மேல்கோட்டைக்காரி. சொர்ணலதாவின் அப்பா ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பரீட்சையில் எப்போதும் சொர்ணலதாதான் முதல். பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றின் நேர்காணலுக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். எதிரே ஐந்து பேரைப் பார்த்ததும் சொர்ணலதாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வேலை அம்புஜவல்லிக்குப் போயிற்று. ஒன்பது வருஷமாக இவள் பி.யு. கல்லூரியில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள்.

1997 ஜூலை. ரஷ்ய விண்வெளி நிலையத்தில் சரக்குக் கலம் மோதி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரங்கு நிறைந்திருந்தது. தோழி எங்காவது தப்புச் சொல்லட்டும் என்று சொர்ணலதா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

அம்புஜவல்லி கன்னடத்தில் நிதானமாகப் பேசினாள். மோதிய கலத்தைத் தானியங்கிக் கருவி ஓட்டவில்லை, திரையைப் பார்த்து மனிதர்கள் கையால் ஓட்டினார்கள் என்றாள். மேலே இருப்பவர்களுக்குச் சோறு, தண்ணீர், எரிபொருள் எல்லாம் இப்படித்தான் போய்ச் சேர வேண்டும். செவ்வாய்க்குப் போனால் பூமியின் கட்டளை எட்டவே பல நிமிஷம் ஆகும். அதனால் கலங்கள் தாமாகவே இணையப் பழக வேண்டும் என்றாள். பிறகு, முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள். குறைத்தால் கலம் கீழே இறங்கும். கீழே சுற்று சின்னது, ஓட்டமும் அதிகம். குக்கரஹள்ளி ஏரியை வெளிச்சாலையில் சுற்றுகிறவரைக் கரையோரமாக நடப்பவர் முந்துகிற மாதிரி.

கைதட்டினார்கள். அந்த உதாரணம் சொர்ணலதாவுடையது. புரியாமல் அழுத அம்புஜவல்லிக்கு ஹாஸ்டலில் படம் போட்டுச் சொன்னது.

சொர்ணலதா எழுந்தாள். "தூரம் அளக்கும் கருவியே பொய் சொன்னால் கலம் யாரைக் கேட்கும்?" என்றாள், மடக்கிவிட்ட நினைப்பில்.

"இன்னொரு கருவியைக் கேட்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பின்வாங்கிக் காத்திருக்கும்."

அது சரியான பதில். சொர்ணலதாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் அம்புஜவல்லி கையைப் பிடித்துக்கொண்டாள். "லதா, நீ கேட்டதுதான்டி உருப்படியான கேள்வி."

"அந்த ஏரிக்கரை விஷயம், யார் சொன்னது உனக்கு?"

"அதுவா? எங்க ப்ரொஃபஸர் யாரோ சொன்னார்னு நினைக்கறேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது பெருமையைக் கேட்டு வாங்குகிற மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை வகுப்பில் அவளே அந்த ஏரியைக் கரும்பலகையில் வரைந்தபோது ஒரு பெண் எழுந்து, "மேடம், இது பேப்பர்ல வந்த அம்புஜவல்லி மேடம் உதாரணம்தானே?" என்றாள்.

"ஆமா, உட்காரு" என்றாள் சொர்ணலதா.

அடுத்த ஆண்டு, ஜப்பானியர்களின் ஆளில்லாத இரண்டு செயற்கைக்கோள்கள் தாமே இணைந்த செய்தியை ஆசிரியர் அறையில் இரண்டு தடவை படித்தாள். நல்ல வேலை என்று மனசாரத் தோன்றியது. செய்தியில் கருத்துச் சொன்னவர்களில் அம்புஜவல்லியின் பெயர் இருக்கிறதா என்றும் தேடினாள். இல்லை. நிம்மதியாக இருந்தது, அப்படி இருந்ததற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.