நாய் நன்றாக விழுந்த படங்கள்

என் சின்னம்மா மகளைக் கட்டியவருக்கு 'அசையாதே' என்று ஒரு பேர் இருப்பது, கல்யாணமான சில வருஷத்தில் அவள் வாயாலேயே தெரியவந்தது. "எங்க வீட்டு அசையாதே வந்தாச்சு, வச்சிடறேன்" என்று போனை வைத்துவிட்டு ஓடுவாள்.

லேத்துப் பட்டறையில் மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைகிறவர். வீட்டிலும் அதே பிடிவாதம். மகளின் பிறந்தநாள் வந்தால் போதும், கொல்லைச் சுவரோரம் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுப்பார். வருஷா வருஷம் மகள் வளர்ந்தது தெரியவேண்டும், நாய் வளர்ந்தது தெரியவேண்டும். மகள் சொன்னபடி நிற்பாள். நாய் நிற்குமா? காமிராவைக் கண்டாலே அதற்கு முதுகுதான். மனைவிதான் குனிந்து அதன் தாடையைப் பிடித்துத் திருப்பவேண்டும்.

"ஏங்க, இடுப்பு கழண்டுடும் போலிருக்கு."

"அசையாதே! இப்பதான் காதைத் தூக்குறான்."

"தாலி எனக்கு, தாங்குறதெல்லாம் அவனை!"

மகளும் நாயும் நன்றாக விழுந்த ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைப் பிலிமோடு கிழித்துப் போடுவார். அந்தக் காமிராவில் வேறு கை பட்டதில்லை. நாய் செத்து இன்னொன்று வந்தது. மகள் கட்டிக்கொண்டு போய்ப் பேத்தி வந்து நின்றாள். குனிகிறவள் மட்டும் மாறவில்லை.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, கன்னம் ஒட்டி, முடி கொட்டிக் கிடந்தவள் அவரைக் கூப்பிட்டாள்.

"நான் போனப்புறம் இந்த மூஞ்சியைப் படமா மாட்டிடாதீங்க, பேத்தி பயந்துக்கும். நல்லா இருந்தப்போ எடுத்தது ஒண்ணு பார்த்து வைங்க."

"அதுக்கென்ன, எவ்வளவோ கிடக்கு."

பெட்டியைத் தரையில் கொட்டினார். எல்லாப் படத்திலும் நாய் நேராகப் பார்த்தது. அவள் குனிந்திருந்தாள். வகிடு, பிடரி, தாடையைப் பிடித்த விரல்கள். வரவர வகிட்டோரம் நரை. கல்யாணப் படத்தில் இருந்தது பேத்திக்குத் தெரியாத யாரோ ஒரு சின்னப் பெண். அடையாள அட்டையில் முகம் வெறும் மை அப்பிய கறை.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. சட்டம் போடக் குடுத்திருக்கேன்."

"சிரிக்கிறேனா?"

"ம். சிரிக்கிறே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாரமே போய்விட்டாள்.

"அம்மா படம் எங்கப்பா?" என்று மகள் கேட்டாள். அவர் பெட்டியைக் காட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"அம்மா மூஞ்சி ஒண்ணுகூடவா இல்லை?"

"நாய் அசைஞ்சுகிட்டே இருந்துச்சும்மா."

அதற்கப்புறம் அவள் அப்பாவோடு பேசவில்லை. சுவரில் எதுவும் மாட்டவுமில்லை.

இப்போது அவர் ஒரு முதியோர் இல்லத்தில், ஆண்கள் கூடத்தில், சன்னலோரக் கட்டிலில் இருக்கிறார்.