யூலியானாவைக் கேளாமல் வைத்த நேர்த்தி

எழுவைதீவில் யூலியானாவிடம் வாய் கொடுத்துத் தப்பினவர்கள் குறைவு. மார்பிலே கட்டி என்று யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஒரு பக்கத்தை எடுத்த பிறகாவது அந்த வாய் கொஞ்சம் அடங்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். பாவங்கள். பார்க்க வந்த சனம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தால், "செத்தவீட்டுக்கு வந்த மாதிரி இருக்காதேங்கோ, தேத்தண்ணி ஊத்துறதே நான்தான்" என்பாள். மருந்தேற்றிக் கொட்டிய தலைமயிர் திரும்பச் சுருட்டையாக முளைத்தபோது, முப்பத்திமூன்று வயதில் ஓசியாகக் கிடைத்த சுருட்டை என்று சொல்லி, பூசைக்கு முக்காடு போடாமல் போனாள்.

இப்போது நாளுக்கு ஒரு குளிசை, மாதத்துக்கு ஓர் ஊசி. கட்டி திரும்பி வராமல் இருக்க, உடம்பில் ஊறுகிற பெண் சுரப்பை அடக்கி வைக்கிற மருந்துகள். அடங்கினது சும்மா இருக்குமா? மார்கழிக் கூதலில், பூசை நடுவில், அவளுக்கு மட்டும் சித்திரை வெயில் அடிக்கும். பாட்டுப் புத்தகத்தால் விசுக்கு விசுக்கென்று விசுக்குவாள். பக்கத்தில் இருக்கிற ஞானசவுந்தரி மாமி குளிரில் நடுங்குவா.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று. அவளுடைய மனுசன் மிரோஜன் ஒன்றரை வருசமாக அறைக்குள் படுப்பதில்லை. விறாந்தையில், நண்டு வலைக்குப் பக்கத்தில் படுக்கிறான்.

முதலில் அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. மருந்து தொடங்கிய பிறகு ஒருநாள் சேரப் பார்த்தார்கள். மணலை அள்ளித் தேய்த்தது போல நொந்தது. அவள் பல்லைக் கடித்தாள், அவன் கண்டுவிட்டான். அதோடு சரி. பிறகு நாள் போகப் போக, அவன் பக்கத்திலாவது கிடந்தால் என்ன என்று அவளுக்கு இருந்தது. தேத்தண்ணி கொடுக்கும்போது விரல் பட்டாலும் கடலில் சொறிமுட்டை சுட்டவன் மாதிரிக் கையை இழுத்தான். ஊரையே சிரிக்க வைக்கிறவளுக்கு அதை வைத்து ஒரு பகிடி கூட வரவில்லை. ஒரு பக்கம் இல்லாத உடம்பு அவனுக்கு அருவருத்து, அரியண்டமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். அவனிடம் மட்டும் கேட்கவில்லை.

அந்த மாதம் ஊசிக்கு வள்ளம் ஏறி, ஊர்காவற்றுறையில் பஸ் பிடித்து, யாழ்ப்பாணம் போனாள். குளிசையை ஐந்து வருசத்தோடு விடாமல் பத்து வருசம் போட்டால் நல்லது என்று டொக்டர் சொன்னார். ஊசி போட்ட தாதி றஞ்சனி மிஸ் கதவைச் சாத்திவிட்டு, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டா:

"வீட்டில எப்பிடி? மனுசனோட சேந்து இருக்கிறனீரோ?"

"ஓம் மிஸ், ஒரே கூரைதான். அவர் விறாந்தை, நான் அறை."

றஞ்சனி மிஸ் சிரிக்கவில்லை. "நோகுதோ?"

யூலியானா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். "அப்ப நொந்தது. இப்ப நோகவும் வழியில்லை."

"இஞ்சை பாரும். ஆறு வருசமா இதில நிக்கிறன். தலைமயிரைப் பற்றி எல்லாரும் கேப்பினம். இதை நானாக் கேட்டால்தான் வாய் திறப்பினம். இந்த மருந்துக்கு உடம்பு காயும், நோகும், ஆசையும் குறையும். அது உம்மட பிழையில்லை. அதுக்காகக் குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதையும்."

"நான் முடிஞ்சுபோன கேஸ் எண்டெல்லோ நினைச்சன்."

"விசர்க் கதை." சுரப்பு மருந்து கலக்காத இரண்டு ஜெல்லின் பெயரை எழுதிக் கொடுத்தா. ஒன்று கிழமையில் இரண்டு மூன்று நாள் பூச, மற்றது சேருகிற நேரத்துக்கு. மருந்து போடுகிற காலத்தில் பிள்ளை தங்கக் கூடாது என்று ஆணுறைப் பெட்டி ஒன்றும் தந்தா.

"தேங்காயெண்ணெய் சரிவராதோ மிஸ்? வீட்டிலையே கிடக்கு."

"உறையோட எண்ணெய் ஆகாது, கிழிஞ்சு போகும். அதுசரி, மனுசன் என்ன சொல்லுறார்?"

"அவருக்கு என்னைக் கண்டால் அரியண்டம்."

"அவர் சொன்னவரோ?"

"சொல்லேல்லை."

"கேட்டனீரோ?"

இல்லை என்று தலையாட்டினாள். றஞ்சனி மிஸ் பேனையை மூடினா. "அப்ப போய்க் கேளும்."

மருந்துக் கடைக்காரர் அந்த இரண்டு ரியூப்பையும் மூன்று பேப்பரில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "கருவாடில்லை அண்ணை, மணக்காது" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலையில் இரண்டு பேரும் முற்றத்தில் இருந்து வலையில் நண்டு கழற்றினார்கள். நண்டு கழற்றும்போது கண்ணை எடுக்க ஏலாது, எடுத்தால் கடித்துப்போடும். முகம் பார்க்காமல் கதைக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

"இஞ்சாருங்கோ, என்னைக் கண்டால் உங்களுக்கு அரியண்டமோ?"

மிரோஜன் கண்ணை எடுத்தான். நண்டு கடித்தது. "ஆ! என்ன விசர்க் கேள்வி? ஆர் சொன்னது?"

"ஒண்டரை வருசமா நீங்கள்தான் சொல்லுறியள்."

அவன் கடிபட்ட விரலைச் சூப்பினான். பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஒன்றரை வருசத்துக்கு முன் ஸ்கானில் ஏதோ நிழல் தெரியுது என்று டொக்டர் சொன்ன அன்று, மிரோஜன் நேரே அந்தோனியார் சுருவத்தடிக்குப் போயிருக்கிறான். நிழல் ஒன்றும் இல்லை என்று வந்தால், குளிசை முடியுமட்டும் மனிசியைத் தொடமாட்டேன் என்று நேர்த்தி வைத்திருக்கிறான். ஒன்றும் இல்லை என்றே வந்துவிட்டது. தொட்டால் நிழல் திரும்பி வந்துவிடும் என்ற பயத்தில் அவன் விறாந்தைக்குப் போனான்.

"வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?" என்றாள் யூலியானா.

"என்னட்டை என்ன கிடக்கு யூலி? சாராயத்தை முந்தியே விட்டிட்டன். மீனை விட்டால் பட்டினி. விட ஏலாதது எண்டு நீ மட்டும்தான் இருந்தனி."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அழுகையை விழுங்கிவிட்டாள். "நான் அரியண்டம் எண்டெல்லோ கிடந்து செத்தன். நேற்று டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமோ? குளிசை பத்து வருசமாம்."

மிரோஜனின் முகம் வெளிறியது. "பத்தோ?"

ஞாயிறு பூசை முடிய, அவள் அவனைக் கோயில் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வின்சன்ற் பாதர் உடுப்பை மடித்துக்கொண்டு நின்றார்.

"பாதர், ஒரு நேர்த்தி..." என்று தொடங்கிய மிரோஜன் தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

"என்ன நேர்த்தி? மொட்டையோ?"

"இல்லைப் பாதர்."

"வள்ளத்தையோ?"

"இல்லைப் பாதர்."

"என்னைப் பாதர்," என்றாள் யூலியானா. "கிடாயை நேர்ந்து விடுற மாதிரி என்னை விட்டிருக்கிறார்." முழுக்கதையையும் அவளே சொன்னாள். பாதர் இரண்டு தரம் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அழுக்கே இல்லாத கண்ணாடியை.

"தம்பி, நேர்த்தி வைக்க முன்னம் இவவைக் கேட்டனீரோ?"

"இல்லைப் பாதர்."

"கலியாணத்தண்டு இரண்டு பேரும்தானே சம்மதம் சொன்னனீங்கள்? அவவின்ர பங்கையும் சேத்துக் குடுக்க உமக்கு ஆர் அதிகாரம் தந்தது? அவவின்ர சம்மதம் இல்லாமல் இது செல்லாது."

"அந்தோனியார் கோவிப்பாரோ? நிழல்..."

"அவர் உம்மட்டை இப்பிடி ஒண்டைக் கேட்டவரோ? மனம் கேக்காட்டில் மாத்தித் தாறன். மாதாமாதம் ஊசிக்கு நீரும் கூடப் போக வேணும். அண்டைக்குக் கடலில்லை."

"அங்கை முழுக்கப் பொம்பிளையள் பாதர். நான் மட்டும் ஆம்பிளையா இருக்க..."

"நேர்த்தி எண்டால் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார் பாதர்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு, பள்ளிக்கூடம் படிக்கிற மகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போன பிறகு, அறைக் கதவு சாத்தப்பட்டது. மிரோஜன் யன்னல் வெளிச்சத்தில் ஜெல் பெட்டிக்குள் இருந்த கடதாசியைப் புது எஞ்சின் வாங்கினவன் மாதிரி வரி வரியாக வாசித்தான். பிறகு, "நோகுதோ?" என்று கேட்டான். "இன்னும் தொடவே இல்லையே" என்றாள். சட்டையைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அவன் கேட்கவும் இல்லை. பக்கத்தில் வந்து படுத்து, எடுத்துவிட்ட பக்கத்தில் மெல்லத் தலையை வைத்தான். அவள் ஒருவரையும் அண்ட விடாத பக்கம் அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நோகவில்லை.

அந்த நேரம் பார்த்து வெக்கை வந்தது. "தள்ளுங்கோ, தள்ளுங்கோ!" அவன் துள்ளி எழும்பி, கையில் இருந்த கடதாசியால் விசுக்கினான். விசுக்கு விசுக்கென்று விசுக்கி, அவளுக்கு வேர்வை அடங்க, கிழமை முழுக்கக் கடலுக்குப் போன களையில் அப்படியே வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டான்.

யூலியானா அந்த வாயைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்துக்கொண்டே கிடக்க, ஊசி தொடங்கின நாள் முதல் காணாமல் போயிருந்த ஒன்று, மிகச் சின்னதாக, பயந்து பயந்து எட்டிப் பார்த்தது. அவள் அசையாமல் இருந்து அதை உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு விரலால் அவனுடைய விலாவில் குத்தினாள்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ."

"என்ன, திரும்பியும் வெக்கையோ?" அவன் கண்ணைத் திறக்காமலே கடதாசியைத் தடவினான்.

"இல்லை," என்றாள் யூலியானா. "அதை வைச்சிட்டு இஞ்சாலை திரும்புங்கோ."