உப்புக்காற்றில் பன்னிரண்டு தகடுகள்

எம்.எஸ்சி. முடித்த கையோடு எனக்குக் கிடைத்த வேலை, பெயிண்ட் உரிகிறதா என்று பார்ப்பது. எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வேதியியல் பேராசிரியருக்கு டெல்லியிலிருந்து ராணுவ ஆராய்ச்சிக்கென்று நிதி வந்திருந்தது. கடலோரத்தில் நிற்கும் பட்டாளத்து வண்டிகள் துருப்பிடிக்காமலிருக்க அவர் ஒரு பூச்சு தயாரித்திருந்தார். அதைப் பூசிய பன்னிரண்டு இரும்புத் தகடுகளை, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மீனவக் குப்பத்தில், சவுக்குக் கழிச் சட்டத்தில் கட்டிவைத்தோம். என் சம்பளமும் அந்த நிதியிலிருந்துதான்.

மாதம் ஒருமுறை பொன்னேரி வரை ரயில், பிறகு பஸ், பிறகு படகு. லென்ஸை வைத்து ஒவ்வொரு தகடாகப் பார்த்து நோட்டில் எழுதுவேன். சட்டத்தை ஒட்டிய குடிசையில் ஓர் அக்கா இருந்தாள். கணவன் ஏரியில் இறால் பிடிக்கப் போவான், பிள்ளை இல்லை. கல்லூரியிலிருந்து வந்ததால் நான் அவளுக்கு டீச்சரம்மா.

"இது இன்னாத்துக்கு டீச்சரம்மா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"பட்டாளத்து வண்டிக்குப் பூசுற பெயிண்ட் அக்கா. உப்புக்காத்துல தாங்குதான்னு பாக்கறோம். ஆடு மாடு முட்டாம பாத்துக்கங்க."

"என் ஊட்டாண்ட வெச்சிட்ட இல்ல? நான் பாத்துக்கிறேன், நீ போ."

ஒன்பது மாதமாகியும் ஒரு தகட்டில்கூடத் துரு இல்லை. சிரித்து நான் பார்த்தேயிராத பேராசிரியர் ஆய்வகத்தில் மெல்லச் சீட்டியடித்தார். நிதியை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். இப்படியொரு முடிவைக் காட்டினால் டெல்லி மறுக்காது. அறிக்கையோடு அனுப்பப் படம் எடுத்து வரச் சொன்னார். வழக்கமான நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே கேமராவோடு போனேன்.

படகிலிருந்து இறங்கும்போதே கண்டேன். அக்கா குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஈரத் துணியால் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குப்பத்துக்கு நல்ல தண்ணீர் மணலில் தோண்டிய ஊற்றில்தான். அரை மைல் சுமந்து வர வேண்டும்.

"என்னக்கா பண்றீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"தெனம் தொடைக்கிறதுதான். உப்பு வெள்ள வெள்ளயா பூத்துக்கினு கீது. நீ அவ்ளோ தூரத்துலேர்ந்து இதுங்களப் பாக்கத்தான வர்ற? அழுக்கா கெடந்தா உன் மனசு இன்னா ஆவும்?"

மணலில் உட்கார்ந்துவிட்டேன். உப்பு படியட்டும் என்றுதான் வைத்தோம் என்று சொன்னதும் அவள் முகம் வாடிப்போயிற்று.

"கெடுத்துட்டனா? உன் வேல பூடுமா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரத்தில் ஊறி விரல்நுனிகள் சுருங்கியிருந்தன.

ரயிலில் வரும்போது, சொல்லாமல் விட்டால்தான் என்ன என்று நினைத்தேன். பொன்னேரியிலிருந்து சென்ட்ரல் வரை அந்த நினைப்பு கூடவே வந்தது. மறுநாள் காலை பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அந்தம்மாவைத் திட்டினியா?"

"இல்ல சார்."

"நல்லது. துடைக்கக் கூடாதுன்னு சொல்லாம வந்தது நாமதானே."

நடந்தது அத்தனையையும் எழுதி, டெல்லிக்குக் கடிதத்தை அவரே டைப் அடித்தார். புதுத் தகடுகளை வைத்துப் பார்க்க இன்னும் ஓராண்டு நிதி கொடுத்தார்கள். இம்முறை அக்கா விரல்கூடப் படவிடவில்லை. "பாக்கவே பாவமா கீது" என்று சட்டத்தைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான்காம் மாதம் ஓரங்கள் கொப்பளித்தன. ஆறாம் மாதம் துரு வடிந்து மணலைச் சிவப்பாக்கியது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். அடுத்த ஆண்டுக்கு நிதி வரவில்லை.

சட்டத்தைப் பிரிக்கப் பேராசிரியரும் வந்தார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, படகின் விளிம்பை இரு கைகளாலும் பற்றியபடி. அக்கா இலை போட்டுச் சோறும் இறால் குழம்பும் வைத்தாள். அவர் பாதி சாப்பிடும்போது நேராகவே கேட்டாள்.

"அய்யா, இந்தப் பொண்ண வேலைலேர்ந்து நிறுத்திட்டியா?"

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்: "கும்மிடிப்பூண்டியில புதுசா ஒரு பெயிண்ட் கம்பெனி வருதும்மா. இவளுக்கு அங்க வேலை கேட்டு எழுதினேன். வரச் சொல்லி நேத்துதான் பதில் வந்தது."

எனக்கே அப்போதுதான் தெரியும். அக்கா அவர் இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.