அக்காவுக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ்

பன்னிரண்டு வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். செட்டிபாளையத்திலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறிக் கணினி வகுப்புக்குப் போகிற ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு.

வீட்டிலிருந்த கணினி அக்காவின் புருசனான அத்தானுடையது. பிரிண்டருக்கு மை வாங்கி வருகிறேன் என்று ஓட்டமாவடிக்குப் போனவர் திரும்பவேயில்லை. ஆமி முகாம், பொலிஸ், ஆஸ்பத்திரி என்று இரண்டு வருடம் தேடியும் கிடைக்கவில்லை. கணினி வாங்கிய அன்று மைக்கைச் சோதிக்க அவர் பேசியது மட்டும் அதற்குள் பதிவாகி இருந்தது.

"ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு. கேக்குதா புள்ள?"

அக்கா ஒவ்வொரு பின்னேரமும் அதைப் போட்டுக் கேட்பாள். "ஓம், கேக்குது" என்று பதிலும் சொல்வாள். அந்தக் குரலுக்கு ஏதும் ஆகிவிடக்கூடாது என்று கணினியை யாரையும் தொட விடமாட்டாள்.

எனக்கோ வகுப்பில் படிப்பிக்கிற சேர் தந்த லினக்ஸ் சிடியை வைத்துக்கொண்டு கை அரித்தது. அக்காவின் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதையும் ஏற்றிவிட்டால், திறக்கும்போது எது வேண்டும் என்று கணினியே கேட்கும். ஆளுக்கொன்று, சண்டையே இல்லை.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரே டிஸ்க்கைச் சி, டி என்று பிரித்துவிட்டு "ரெண்டு டிஸ்க் இருக்கு" என்று சொல்லித் தருவார்கள். உள்ளே நிசமாகவே இரண்டு இருப்பதாக நம்பினேன். அக்காவின் சாமானெல்லாம் சியில். டி வெறுமையாகக் கிடந்தது. வயல் வட்டைக்குள் வரம்பு கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அக்கா சோறு கொண்டுபோன நேரம் லினக்ஸ் சிடியைப் போட்டேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று கேட்டது. டியைத்தான் கேட்கிறது என்று ஓம் கொடுத்தேன்.

மறுபடி திறந்தபோது எது வேண்டும் என்று அது கேட்கவில்லை. நேரே லினக்ஸ் வந்தது.

"அவர்ர சத்தம் எங்கடி?" என்று அக்கா கேட்டாள். கடைக்குக் கொண்டுபோனோம். இனி எடுக்க ஏலாது என்று கடைக்காரர் தலையை ஆட்டினார். அக்காவின் அந்த முகத்தை எழுத எனக்கு இன்றும் கை வராது. அம்மா விளக்குமாற்றைத் தூக்க, "உடுங்கம்மா, சின்னப்புள்ள" என்று அக்காதான் தடுத்தாள்.

அடுத்த கிழமை அவள் பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனாள். இரண்டு வருடமாக வேண்டவே வேண்டாம் என்று நின்றவள், அத்தானின் மரணச் சான்றிதழுக்கு ஒப்பம் வைத்தாள். "இப்பவாவது புத்தி வந்திச்சே" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும், "கொம்பியூட்டர நீயே வெச்சிக்க" என்றாள் என்னிடம். அக்காவுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். அன்றிரவு சந்தோஷமாகத் தூங்கினேன்.