உப்பு வரப்பில் கோல்ஃப்

போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்தியது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவியில் கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் தொலைந்துவிட்டதாம், எந்தச் சேனலில் நின்றதோ அதுவே எல்லோர் தலையெழுத்தும். பல்வலிக்காரனைத் தவிர யாரும் கோல்ஃபை முழுசாகப் பார்க்க முடியாது என்பது என் கட்சி. தொப்பி போட்டவர்கள் புல்லில் உலாத்துகிறார்கள், நின்று யோசிக்கிறார்கள், மறுபடி உலாத்துகிறார்கள். எங்கள் தெருவில் சர்க்கரைக்காரர்கள் இதைவிட வேகமாக நடப்பார்கள்.

அப்போது ஒருவர் ஆட வந்தார். குள்ளம், லேசான தொந்தி, நரைத்த மீசை. பந்தை வைக்கும் முன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். வர்ணனையாளர் குரலைத் தாழ்த்தி, பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஆதிகுடிகள் பூமித்தாய்க்குச் செய்யும் வணக்கம் இது என்று உருகினார். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. பூமித்தாயாவது, தீவாவது! அது முத்தையாபுரத்து உப்பளத்தில் செல்லத்துரை அண்ணாச்சி போட்ட உத்தரவு. அந்த ஆள் எங்கள் ரோமி.

அறையெல்லாம் கிராம்பு எண்ணெய் வாசனை வேறு. ரோமி ஒரு காலத்தில் கப்பல் சமையல்காரர், அவர் அடுக்களையில் அதே வாசனைதான் இருக்கும். அவர் பன்றி இறைச்சியில் கிராம்பை அள்ளிப் போடுவார். நான் அப்போது கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் போர்டிங் கிளார்க். பேர்தான் பெரிசு. கப்பல் வந்தால் ஏணியில் தொங்கி ஏறிக் கையெழுத்து வாங்குவது, மாலுமிக்கு சிம் கார்டு, கப்பித்தானுக்கு உயிர்க்கோழி, எல்லாம் நான்தான். பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற குடும்பத்தில் பிறந்துவிட்டுக் கோழி பேரம் பேசுகிறானே என்று ஆற்றங்கரை ஊரில் அப்பாவுக்கு ஆறாத வருத்தம்.

ரோமியின் கப்பல் ஏதோ வழக்கில் மாட்டி, நகரக்கூடாது என்று கோர்ட்டு சொல்லி, துறைமுகத்து மூலையில் மாசக்கணக்கில் கிடந்தது. ஒருநாள் அவர் முட்டை பொரித்துக்கொண்டே, தான் கோல்ஃப் ஆட்டக்காரர் என்றார். நான் நம்பவில்லை. கடலில் சும்மா கிடக்கிறவர்கள் ஆளாளுக்கு ஒரு கதை விடுவார்கள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து கம்பளியில் சுற்றிய மட்டைகளை எடுத்துக் காட்டினார். அதை அவர் பிரித்த விதத்தைப் பார்த்ததும், இந்த ஆள் முட்டை பொரிக்கப் பிறந்தவர் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

பணக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து, பார்த்துப் பார்த்துக் கற்று, தொழில்முறை ஆட்டக்காரர் ஆனவர். நாலு நாள் நடக்கிற பெரிய போட்டி என்றால் முதல் இரண்டு நாள் ஆடுவார். பிறகு பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள், அதில் தவறாமல் இவர் இருப்பார். காரணம் ரொம்ப எளிது. பந்தை அடிக்கமாட்டார், அதோடு மல்லுக்கு நிற்பார். கடைசியில் ஆடுகிற உரிமமும் போய்க் கப்பலுக்கு வந்துவிட்டார். இப்போது ஊரில் தகுதிப் போட்டி ஒன்று வரப்போகிறது. அதில் தேறினால் உரிமம் திரும்பக் கிடைக்கும், விட்டால் இந்த வயதுக்குமேல் யாரும் கூப்பிடமாட்டார்கள். "கை மரத்துப்போகுது மை பிரெண்ட். எனக்கு ஒரு தட்டையான தரை காட்டு" என்றார், ஆங்கிலத்தில்தான்.

தூத்துக்குடியில் தட்டையான தரைக்கா பஞ்சம்? ஸ்கூட்டரில் ஏற்றி செல்லத்துரை அண்ணாச்சியின் உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு உப்புதான் சாமி. விஷயத்தைச் சொன்னதும் ரோமியை மேலும் கீழும் பார்த்தார்.

"குழியில பந்தப் போடுத வெளையாட்டா? இங்கன ஏதுலே குழி?"

"குழி வேண்டாம் அண்ணாச்சி. சும்மா அடிச்சுப் பாக்கணுமாம்."

"அப்ப அடிக்கட்டும். ஆனா செருப்பு போட்டு வரப்புல ஏறப்பிடாது. ஏறுமுன்ன தொட்டுக் கும்பிடணும். உப்பு லெச்சுமிலா. வரப்பு சரிஞ்சா அவந்தான் மிதிச்சுக் கட்டணும், சொல்லிரு."

தொட்டுக் கும்பிடுவது எப்படி என்று ரோமி விழித்தார். உப்பு வாரிக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் அக்கா வந்து செய்து காட்டினாள். அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுச் சிலுவையும் போட்டுக்கொள்வாள். லெச்சுமிக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று. ரோமி இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்.

முதல் அடியை ரோமி பழைய பகையோடு ஓங்கி அடித்தார். பந்து உப்புக் குவியலுக்குள் போய்ப் புதைந்தது, ரோமி பாத்திக்குள் போய்ப் புதைந்தார். வெறுங்கால், ஈர வரப்பு, ஒரு ஆள் நிற்கிற அகலம். அண்ணாச்சி பந்தைப் பற்றியும் கேட்கவில்லை, ஆளைப் பற்றியும் கேட்கவில்லை. "ஏலே, சகதி கலங்குனா உப்பு கறுத்துப்போவும்லா" என்றார். வெள்ளை உப்பில் வெள்ளைப் பந்தை எங்கே தேட? அது எந்த லாரியில் ஏறி யார் வீட்டு ஊறுகாய்க்குப் போனதோ தெரியாது. மிச்சப் பந்துகளுக்கு அந்தோணியம்மாள் தன் மகளின் சிவப்பு நெயில் பாலிஷைப் பூசிக் கொடுத்தாள்.

ஓங்கினால் விழவேண்டும், விழுந்தால் மிதித்துக் கட்டவேண்டும். அந்த அலுப்பிலேயே ரோமி மெதுவாக அடிக்க ஆரம்பித்தார். பந்து, அடடா, நூல் பிடித்த மாதிரி போயிற்று. யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணாச்சிக்கு அவர் வரப்புதான் கவலை.

எல்லாம் கூடிவந்து ரோமி போட்டிக்கு ஊருக்குக் கிளம்பவேண்டிய நேரத்தில் கப்பித்தான் கையை விரித்துவிட்டார். சமையல்காரர் இல்லாமல் கப்பல் இருக்கக்கூடாது, மாற்றாள் ஏறினால்தான் இவர் இறங்கலாம். வழக்கில் கிடக்கிற கப்பலில் எவன் வந்து ஏறுவான்? எங்கள் ஆபீஸ் ஊர் ஊராகக் கேட்டுப் பார்த்தது. ஒருத்தரும் சிக்கவில்லை. அன்றைக்கு ரோமி வரப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. அந்தோணியம்மாள் என்னவென்று கேட்டாள், சொன்னேன்.

"சமயக்காரருதான வேணும்? எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு தம்பி."

அவள் புருஷன் மிக்கேல், புன்னைக்காயல்காரர். அவரும் கப்பல் சமையல்காரர்தான், விடுப்பில் வந்தவர் அடுத்த கப்பல் கிடைக்காமல் வீட்டிலேயே இருந்தார்.

"நான் கொழம்பு வச்சா உப்பு கூடிட்டுங்காரு. உப்பளத்துல கெடக்கவகிட்ட வந்து உப்பப் பத்திப் பேசுதாரு. கூட்டிட்டுப் போங்க."

"அக்கா, அந்தக் கப்பல் எங்கயும் போகாது."

அவள் முகம் வாடிப்போயிற்று.

"ராத்திரி அங்கனதான படுக்கணும்?"

"ஆமா."

"அது போதும்."

மிக்கேல் அண்ணாச்சியின் மாலுமிப் புத்தகம் செல்லுபடியில்தான் இருந்தது. கப்பித்தானுக்கு முதலில் ஒரு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார். கப்பித்தானுக்குக் காது சிவந்தது, மூக்கு ஒழுகியது, ஒரு குடம் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று ரோமி விடைபெற உப்பளத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கிற ஷூ. அண்ணாச்சி வாழ்த்தக் காணோம். "வரப்பு ரெண்டு எடத்துல சரிஞ்சு கெடக்கு, கட்டிட்டுப் போவச் சொல்லுலே" என்றார். விமானத்துக்கு நேரமாகிறது என்று நான் கடிகாரத்தைக் காட்டினேன். ரோமி சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றி, பேண்டை முழங்காலுக்குச் சுருட்டி, இரண்டு இடத்தையும் மிதித்துக் கட்டிவிட்டுத்தான் போனார்.

தேறிவிட்டார். உரிமமும் வந்தது. அதற்காக ஆகாயத்தில் பறந்துவிடவில்லை. அதன்பிறகு நாலு நாளும் ஆடினார், நடுவில் எங்கேயோ முடித்தார், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு சின்னப் போட்டியில் ஜெயித்து, குக்கர் மாதிரி ஒரு கோப்பையோடு படம் அனுப்பினார். அதில் கால் ஷூவுக்குள் இருந்ததைப் பார்த்து அண்ணாச்சி முகம் சுளித்தார். பிறகு நான் போனைத் தொலைத்தேன், நம்பர் போயிற்று, அதோடு ரோமியின் தொடர்பும் போயிற்று. இப்போது பார்த்தால் மூத்தவர்களுக்கான போட்டியில் வந்து நிற்கிறார்.

டிவியில் அவர் மட்டையைத் தூக்கும்போதுதான் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். இரண்டு நிமிஷம் பொறுங்கள் என்றேன். பல் பிடுங்கப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும். ரோமி மெல்ல வீசினார், பந்து நேராகப் போயிற்று. அதன்பிறகு உள்ளே போய் நிம்மதியாகப் பல்லைக் கொடுத்தேன்.

வாயில் பஞ்சோடு நேரே முத்தையாபுரம் போனேன். அண்ணாச்சி போய்ச்சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகன்கள் விற்றுவிட்டார்கள், உப்பளம் இருந்த இடம் முழுக்கக் கண்டெய்னர் யார்டு. அந்தோணியம்மாள் அங்கேதான் பெருக்குகிறாள், காலில் கனத்த பூட்ஸ்.

"செருப்போட ஏறப்பிடாதும்பாரு அண்ணாச்சி. இப்பம் வெறுங்காலோட வந்தா கேட்லயே வெரட்டுதான்" என்றாள்.

ரோமியை டிவியில் பார்த்ததைச் சொன்னேன். பஞ்சோடு பேசியதில் அவளுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும்.

"இன்னும் தொட்டுக் கும்பிடுதானா?"

தலையாட்டினேன். அவள் காலடியில் கிடந்த காங்கிரீட்டைப் பார்த்தாள்.

"எப்பமாவது அவங்கிட்ட பேசுனா, இந்த எடம் போனதச் சொல்லிராதீய தம்பி" என்றாள். "அவனாவது தொட்டுக்கிட்டுக் கெடக்கட்டும்."