முறுக்கிய சேஸிஸ் மேல் கட்டிய கயாக்

ரத்தினம் அண்ணா, கவிழ்ந்த லாரியின் சேஸிஸ் சட்டத்தை அடிபடாதது என்று சொல்லி என் தலையில் கட்டினீர்கள். தெரிந்தேதான் கட்டினீர்கள்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் நாச்சிமுத்து. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ரத்தினம் அண்ணனுக்கும் பட்டறை உண்டு, பழைய லாரி உடைக்கும் யார்டும் உண்டு. எங்கள் பட்டறைக்காரர் சங்கக் கூட்டத்தில் மைக்கை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார்.

படகு வந்த வழி

பரமத்தி வேலூரில் மோகனா என்று ஒரு பி.டி. டீச்சர். காவிரியில் துடுப்புப் போட அவருக்கு மரத்தில் ஒரு கயாக் வேண்டும். கயாக் என்றால் ஓர் ஆள் உட்கார்ந்து போகும் ஒல்லிப் படகு. பிளானைக் கையோடு கொண்டுவந்தார்.

"லாரிக்கு நேரா கட்டறீங்கல்லங்க, இதையும் கட்டுங்க. ஆனா ஒண்ணுங்கண்ணா, நேரா போகலைன்னா எடுத்துக்க மாட்டனுங்க."

ஒத்துக்கொண்டேன். வேலை இதுதான். நேரான ஒரு நீளச் சட்டத்தின் மேல் பிளைவுட் அச்சுகளை வரிசையாக நிறுத்த வேண்டும். அவற்றின் மேல் ரீப்பர் என்கிற மெல்லிய மலைவேம்புச் சட்டங்களை ஒட்டிக்கொண்டே வந்தால் படகின் அடிப்பாகம் உருவாகும். வெளியே ஃபைபர் துணி, அதை ஒட்டி இறுக வைக்கும் ரெசின் பசை. பிறகு கழற்றித் திருப்பி உள்ளேயும் துணி ஒட்டி, மேல்மூடியைப் பொருத்த வேண்டும். அடியில் இருக்கும் சட்டம் தவறினால் எல்லாமே தவறும்.

லாரி பாடி கட்டுகிறவனுக்கு சேஸிஸ் என்கிற அடிச்சட்டம்தான் அளவு. கம்பெனியிலிருந்து நேராக வரும், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். சேஸிஸுக்கே மட்டம் பார்க்கிற ஆளை எங்கள் தொழிலில் நான் கண்டதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் படகுக்கும் சேஸிஸ் சட்டம் ஒன்று தேடி ரத்தினம் அண்ணன் யார்டுக்குப் போனேன்.

"அடிபடாத வண்டி நாச்சிமுத்து, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போ" என்றார். புது பெயின்ட் பளபளவென்று இருந்தது.

ரீப்பர் பாதிகூட ஏறவில்லை, ஒரு நாள் அவரே பட்டறைக்கு வந்தார். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரி ஓனர் ஒருவர் பாடி வேலை பேச அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் காதுபட ரத்தினம் அண்ணன் சொன்னார்: "ஏப்பா, உனக்கு எதுக்குப் படகு? தண்ணில உட்டா செக்கு மாடாட்டம் சுத்தப்போவுது பாரு!"

ரிக் ஓனர் எழுந்துகொண்டார். "படகு ஓடட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம். பாடி கோணலா உக்காந்தா டயரு திங்குமுங்க."

பாடி நேராக உட்காரும் என்பதுதான் என் பட்டறை எடுத்திருக்கிற நல்ல பெயர். அந்தப் பெயர் இப்போது ஒரு படகின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இரண்டு குழாய்

வெளிப்பக்கம் ரெசின் காய்ந்ததும் படகைக் கழற்றித் திருப்பி வைத்தோம். வெல்டர் மணி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நேரான ஸ்கொயர் குழாயைக் குறுக்கே வைத்து, குனிந்து பார்த்தான்.

"அண்ணா, முன்குழாய் எடப்பக்கம் தூக்குது. பின்குழாய் வலப்பக்கம் தூக்குது. துணி புழிஞ்சாப்புல இருக்குது."

நூல் பிடித்துத்தானே அச்சு நிறுத்தினேன் என்று கத்தினேன். நூல் வளைவைக் காட்டும், முறுக்கைக் காட்டாது. சட்டத்தின் பெயின்டைச் சுரண்டினோம். உள்ளே தீ வைத்துச் சூடாக்கிய கறுப்பு, ஜாக்கி கடித்த தழும்பு. கவிழ்ந்த வண்டியில் வளைந்ததை நிமிர்த்தியிருக்கிறார்கள், முறுக்கை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"ஒடச்சுப் போட்டுட்டு புதுசு கட்டலாங்களா?" என்றான் மணி.

"ஒடச்சா ரத்தினம் சொன்னது நெசமாயிரும்டா."

ஒரே ஒரு வழி இருந்தது. உள்பக்கம் துணி ஒட்டும்வரை படகு வளைந்துகொடுக்கும், ஒட்டிக் காய்ந்தபின் கொடுக்காது. படகின் வடிவத்துக்கே பலகையில் இரண்டு தாங்கி அறுத்தோம். முன்தாங்கியைத் தரையோடு போல்ட் அடித்தோம். பின்தாங்கியில், லாரிச் சரக்கை இறுக்கிக் கட்டும் பல்சக்கர லோடு பெல்ட்டைப் போட்டு, முறுக்குக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். குழாய் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"இன்னும் ஒரு பல்லு இறுக்கு."

"அண்ணா, மரம் முனகுதுங்க. பட்டுனு போயிரும்!"

"போகாது. பெல்ட்ட அவுத்தா கொஞ்சம் திரும்பும், அதுக்குச் சேர்த்துதான் இழுக்கோணும். இறுக்கு."

இறுக்கினான். அந்த நிலையிலேயே உள்ளே துணி ஒட்டினோம். மேல்மூடியையும் இழுத்துப் பொருத்தி, இணைப்பில் ஃபைபர் டேப் போட்டோம். நன்றாகக் காயும்வரை பெல்ட்டை ஒருவனையும் தொடவிடவில்லை. அவிழ்த்தபோது படகு லேசாகத் திரும்பி நின்றது. இந்த முறை குழாயை நான் வைத்தேன். முன்குழாய்க்குப் பின்னால் பின்குழாய் முழுதாக மறைந்தது. மணி என் முதுகில் ஓங்கி அடித்தான், முதலாளி என்றுகூடப் பார்க்கவில்லை.

பரமத்தி வேலூர் ஆற்றில்

ஓட்டமில்லாத ஒரு தேக்கத்தில் இறக்கினோம். ரிக் ஓனரும் வந்து கரையில் நின்றார். கயாக் நேராகப் போகிறதா என்று பார்க்கத் துடுப்புப் போட்டால் போதாது. வேகமாகப் போட்டுவிட்டுத் துடுப்பைத் தூக்கிவிட வேண்டும். கோணல் படகு அப்போது மூக்கைத் திருப்பும்.

டீச்சர் வேகம் எடுத்தார், துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கினார். எதிர்க்கரைத் தென்னையைப் பார்த்துக் கிளம்பிய படகு அந்தத் தென்னையைப் பார்த்தேதான் போய் நின்றது.

"திரும்பவே இல்லீங்கண்ணா!" என்று அங்கிருந்தே கத்தினார்.

ரிக் ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "நாளைக்கு வண்டிய உங்க பட்டறைக்குள்ள உட்டர்றனுங்க."

பிள்ளைகளே, யார் கொடுத்தாலும், கம்பெனியே கொடுத்தாலும், அடிச்சட்டத்துக்கு முதலில் மட்டம் பாருங்கள். இரண்டு குழாயைக் குறுக்கே வைத்துக் குனிந்து பார்க்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

ரத்தினம் அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒன்று. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்தச் சட்டத்தைப் பெயின்ட் சுரண்டியபடியே டிராக்டரில் ஏற்றிவந்து மேடைக்கு முன்னால் போடுகிறேன். அது கவிழ்ந்த வண்டியின் சட்டமா, இல்லையா? ரீப்பர் பாதிகூட ஏறாத படகு சுற்றும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? மைக் உங்கள் கையில்தானே இருக்கும். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.