எமில்டா ரீச்சர் வாசித்த பெயர்

"விரலால தேடுங்கோ பிள்ளையள். கண்ணால பாத்துப் பிடிக்க ஏலாது."

மாதா கோயில் மண்டபத்தின் கதவைத் தாழிட்ட பிறகுதான் எமில்டா ரீச்சர் பையிலிருந்து அதை எடுப்பார். பழைய துணியில் தைத்துப் பஞ்சடைத்த மார்பு. உள்ளே எங்கோ ஒரு புளியங்கொட்டை. பூசை முடிந்து வந்த பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கொட்டை விரலில் தட்டுப்பட்டதும் சிரிப்பு நின்றுவிடும்.

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். வெட்கம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "மார்பில வந்த கட்டியைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் என்ர தங்கச்சி செத்துப்போனவள்" என்பார். அந்தச் சாவுக்குப் பிறகு திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு பெண்ணும் அவரிடமிருந்து தப்பியதில்லை. மீன்காரியானாலும் சரி, கிண்ணியாவிலிருந்து சீலை வாங்க வந்த ஸல்ஹாவானாலும் சரி, நடுத்தெருவில் மறித்துக் கேட்பார்: "இந்த மாசம் தடவிப் பாத்தனீங்களோ?" ஸல்ஹா சிவந்துபோனார், ஆனாலும் தன் ஊர்ப் பெண்களுக்கென்று ஒரு துணி மார்பை வாங்கிப் போனார்.

குச்சவெளி இராசமலர் கட்டியோடு வந்து, கொழும்புக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். ரீச்சர் மசியவில்லை. "ஆமியின்ர செக்பொயின்ருக்குப் பயமெண்டா நானும் வாறன், எழும்பு!" தானே பஸ்ஸில் கூட்டிப்போய் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் விட்டுவந்தார். அது தொண்ணூறாம் ஆண்டு வைகாசி மாதம். அடுத்த மாதமே சண்டை மூண்டது. கடிதம் வரவில்லை. குச்சவெளிச் சனமும் சிதறிப்போனது. புரட்டாதியில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர், இராசமலரின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பதாகச் சொன்னார். ரீச்சர் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்தார். "நான்தானே இழுத்துக்கொண்டு போனனான்" என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

கார்த்திகையில் இறந்தோருக்கான பூசையில் பெயர்களை வாசிப்பது வழக்கம். பட்டியல் எழுதுவதும் வாசிப்பதும் ரீச்சர்தான். அந்த வருடம் பட்டியல் நீளம். பாதியில் அந்தப் பெயர் வந்தது.

"குச்சவெளி இராசமலர்..."

"ரீச்சர், நான் இஞ்ச இருக்கிறன்!"

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த, தலையில் சீலையைச் சுற்றிய மெலிந்த பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். முதல்நாள் பின்னேரம்தான் லொறியொன்றில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"ஒரு பக்க மார்பை எடுத்துப்போட்டினம். ஆனா நான் இருக்கிறன்."

ஆண்களும் பெண்களுமாய் நிறைந்திருந்த கோயிலில் அதை அவள் உரக்கவே சொன்னாள். யார் யாரோ விம்மினார்கள்.

பீடத்துக்கு முழந்தாளிடவும் ரீச்சருக்கு மறந்துபோயிற்று. நேரே கடைசி வாங்குக்கு நடந்து, அவளுடைய கையைப் பிடித்துக் கோயிலின் முன்னால் கூட்டிவந்தார். கண்ணீர் வழிய சனத்தின் பக்கம் திரும்பி, வகுப்பில் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வதுபோல் உள்ளங்கையை மேலே உயர்த்தினார்.

முதலில் எழுந்தவர் பூசை வைத்த சுவாமியார்.